ஃபேலன் ஓடையும் வக்கான் தீபியும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தலைநகர் செயின்ட் பால். அதன் கிழக்குப் பகுதியில் ஃபேலன் ஏரியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 4 மைல் ஓடி மிசிசிப்பி ஆற்றில் கலந்தது ஃபேலன் ஓடை. இன்று அதை நிலத்தின் மேல் தேடினால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில துண்டுகள்தான் கண்ணில் படும். பெரும்பகுதி தெருக்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் அடியில் மழைநீர்க் குழாய்க்குள் ஓடுகிறது. ஓடை ஆற்றைச் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே டகோட்டா மக்கள் புனிதமாகக் கருதும் குகை இருக்கிறது. அவர்கள் அதை வக்கான் தீபி என்கிறார்கள். புனிதம் குடியிருக்கும் இடம் என்று பொருள். அந்த மக்கள் ஆற்றங்கரையிலிருந்து துரத்தப்பட்டதும், குகையின் முகப்பு வெட்டப்பட்டதும், ஓடை குழாய்க்குள் அடைக்கப்பட்டதும் ஒரே நூற்றாண்டுக் காலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை. கடந்த சுமார் முப்பது ஆண்டுகளாக அந்த ஓடைக்கரையைப் பராமரிக்கும் தன்னார்வலர்களின் வேலையை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

செயின்ட் பால் நகரம் அமைந்திருக்கும் இடத்தில் மிசிசிப்பியின் கரை செங்குத்தான பாறைச்சுவராக எழுகிறது. மேலே கடினமான சுண்ணாம்புக்கல். அதற்குக் கீழே வெள்ளை மணற்கல். டகோட்டா மொழியில் இந்த இடத்தின் பெயர் இம்னிழாஸ்கா, அதாவது வெள்ளைப் பாறை. இந்த மணற்கல் கத்தியால் சுரண்டினாலே உதிரும் அளவுக்கு மென்மையானது. மேலிருந்து இறங்கும் நிலத்தடி நீர் பாறையின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. அப்படி வெளிவரும் நீர் மணலை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு வரும்போது உள்ளே குகை உருவாகிறது. வக்கான் தீபியும் அவ்வாறு நீர் குடைந்த குகைதான். ஊற்று நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. ஆகவே ஆறும் ஏரிகளும் கெட்டியாக உறைந்து கிடக்கும் மினசோட்டாவின் கடுங்குளிரிலும் பாறையடி ஊற்றுகள் கசிந்துகொண்டே இருக்கின்றன.

குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் ஈமமேடுகள் உள்ளன. இறந்தோரைப் புதைத்து அதன்மேல் மண்ணைக் குவித்து எழுப்பியவை. இவற்றில் பழையவை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று தொல்லியலாளர்கள் கணிக்கின்றனர். சில மைல் தொலைவில், மினசோட்டா ஆறும் மிசிசிப்பியும் சேரும் இடத்துக்கு டகோட்டா மக்கள் வைத்த பெயர் ப்டோட்டே. தங்கள் மக்கள் இந்த உலகில் தோன்றிய இடம் அது என்பது அவர்களில் பலரின் நம்பிக்கை. மேடு, குகை, ஊற்று, ஓடை, கூடல் எல்லாம் அவர்களுக்கு ஒரே புனித நிலப்பரப்பின் பகுதிகள்.

குகையைப் பற்றி ஆங்கிலத்தில் முதலில் விரிவாக எழுதியவர் ஜோனதன் கார்வர். மாசசூசெட்ஸைச் சேர்ந்த இவர் 1766 நவம்பரில் இங்கே வந்தார். அவருடைய பயண நூல் 1778இல் லண்டனில் வெளியானது. குகை வாயில் பத்து அடி அகலமும் ஐந்து அடி உயரமும் கொண்டது, உள்ளே கூரை பதினைந்து அடி உயரத்துக்கு எழும்புகிறது, தரையெல்லாம் தூய மணல், இருபது அடி நடந்ததும் தெளிந்த நீர்நிலை ஒன்று தொடங்குகிறது என்று அதில் எழுதினார். அது எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாமல் இருட்டுக்குள் ஒரு கூழாங்கல்லைப் பலம்கொண்ட மட்டும் எறிந்து, அது நீரில் விழும் ஓசையைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். சுவரில் பழங்காலச் செதுக்கல்களைக் கண்டார். அவற்றைப் பாசி ஏறக்குறைய மூடியிருந்தது. டகோட்டா மக்கள் எங்கே இறந்தாலும் எலும்புகளை இந்தக் குகைக்கு அருகிலுள்ள இடுகாட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. இந்த நூலைப் படித்துத்தான் ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் ஒரு டகோட்டா இரங்கற்பாவைக் கற்பனையாக எழுதினார். குகை ஐரோப்பாவில் அந்த அளவுக்குப் பேர்பெற்றது. ஆனால் அது பேர்பெற்றது கார்வர் குகை என்ற பெயரில்.

கார்வர் 1767 மே மாதத்தில் குகையில் டகோட்டா தலைவர்களோடு ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டார். அவர் இறந்த பிறகு, அன்று அவருக்குப் பெரும் நிலப்பரப்பு தானமாக எழுதித் தரப்பட்டதாக ஒரு பத்திரம் கிளம்பியது. கார்வரின் வாரிசுகளும் அவர்களிடமிருந்து உரிமையை வாங்கியவர்களும் அதை வைத்துப் பல்லாண்டுகள் நிலம் கேட்டார்கள். 1820களில் அமெரிக்கக் காங்கிரஸ் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. வழிபாட்டிடத்தில் நடந்த ஒரு பேச்சு ஐம்பது ஆண்டுகளுக்குள் நிலபேரமாக மாற்றப்பட்டிருந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குகைக்கு அருகே ஆற்றின் கிழக்குக் கரையில் கப்போசியா என்ற டகோட்டா ஊர் இருந்தது. சிறுகாகம் என்று வெள்ளையர்கள் அழைத்த தலைவர்களின் பரம்பரைக்குரிய ஊர் அது. 1837ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மிசிசிப்பிக்குக் கிழக்கே உள்ள நிலம் முழுவதையும் டகோட்டா மக்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கப்போசியா மேற்குக் கரைக்கு மாறியது. 1851இல் கையெழுத்தான இரண்டு ஒப்பந்தங்கள் தென் மினசோட்டாவின் பெரும்பகுதியையும் பறித்தன. மினசோட்டா ஆற்றோரம் ஒரு குறுகிய நிலப்பட்டை மட்டும் அவர்களுக்கு மிஞ்சியது. ஒப்பந்தத்தில் சொன்ன பணம் காலத்தில் வரவில்லை, கடனுக்கென்று வணிகர்கள் பிடித்துக்கொண்டது போக வந்ததும் சொற்பம். விளைச்சல் பொய்த்துப் பசி வாட்டிய 1862 ஆகஸ்டில் போர் வெடித்தது. கப்போசியாவில் பிறந்த தா ஒயாத்தே தூத்தா அதற்குத் தலைமை தாங்கினார்.

போர் ஆறு வாரங்களில் முடிந்தது. 1862 டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். போரில் பங்கெடுக்காத சுமார் 1,600 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஸ்னெல்லிங் கோட்டையின் கீழே, ப்டோட்டே கூடலில் வேலியிட்ட முகாமில் குளிர்காலம் முழுவதும் அடைக்கப்பட்டனர். நோயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தங்கள் இனம் தோன்றியதாக நம்பிய மண்ணிலேயே அவர்கள் சிறைப்பட்டதும் செத்ததும் நடந்தது. 1863இல் காங்கிரஸ் சட்டம் இயற்றி அவர்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றியது. அந்த மே மாதம் நீராவிப் படகுகளில் ஏற்றப்பட்டு அவர்கள் மிசிசிப்பி வழியே தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். செயின்ட் பால் துறையில் கரையில் நின்ற கூட்டம் படகிலிருந்தவர்கள்மேல் கல்லெறிந்தது. அந்தப் படகுகள் போன வழியில்தான் வக்கான் தீபியின் பாறையும் முன்னோர்களின் ஈமமேடுகளும் இருந்தன.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1867 மே 1 அன்று, மினசோட்டா வரலாற்றுச் சங்கம் கார்வரின் கூட்டத்துக்கு நூற்றாண்டு விழா எடுத்தது. அதையொட்டி நகரப் பிரமுகர்கள் குகைக்கே போய் வந்தார்கள். குகைக்கு உரியவர்கள் அப்போது தொலைவில் நாடுகடத்தப்பட்டிருந்தார்கள். 1863 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தா ஒயாத்தே தூத்தாவின் உடற்பகுதிகளும் அதே சங்கத்திடம் போய்ச் சேர்ந்து, பல ஆண்டுகள் காட்சிப்பொருளாக இருந்தன. 1971இல்தான் அவை குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, தென் டகோட்டாவில் அடக்கம் செய்யப்பட்டன.

மக்களை அகற்றிய பிறகு நிலத்தின் முறை வந்தது. ஓடைக்கு வாய்த்த பெயரே காலத்தைக் காட்டும். எட்வர்ட் ஃபேலன் ஸ்னெல்லிங் கோட்டையில் பணியாற்றி விலகிய அயர்லாந்துக்காரர்; 1839இல் தன் அண்டை நிலத்துக்காரரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சாட்சியம் போதாமல் விடுதலையானவர். ஏரிக்கும் ஓடைக்கும் அவர் பெயர் நிலைத்தது. 1850களிலிருந்து ஓடையின் நீர்வேகத்தை நம்பி மாவு ஆலைகள் வந்தன. 1865இல் தியோடர் ஹாம் என்ற ஜெர்மானியர் ஓடைக்கரையில் இருந்த மதுவடி ஆலையைக் கையில் எடுத்தார். ஹாம்ஸ் பீர் பின்னாளில் அமெரிக்கா முழுவதும் விற்றது. 1869 முதல் ஃபேலன் ஏரியின் நீர் குழாய் வழியே நகரத்துக்குக் குடிநீராகப் போனது.

ஓடையின் விதியைத் தீர்மானித்தது ரயில்தான். செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த செயின்ட் பாலில் ஆற்றங்கரையிலிருந்து மேட்டுநிலத்துக்கு ஏற ரயிலுக்கு மென்மையான சரிவு தேவை. அத்தகைய சரிவு ஃபேலன் ஓடையும் அதன் துணையான ட்ரௌட் புரூக் ஓடையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரித்து வைத்திருந்த பள்ளத்தாக்குகளில்தான் கிடைத்தது. 1870இல் டுலூத் துறைமுகம் வரை போன ரயில் பாதை இவ்வழியே ஏறியது. ஓடை ஆற்றில் சேரும் இடத்துச் சதுப்பு நிலத்தை மண்கொட்டி மேடாக்கி ரயில் யார்டுகள் அமைந்தன. தண்டவாளத்துக்கு இடம் போதாதபோது பாறையையே வெட்டினார்கள். வக்கான் தீபியின் முகப்பும், செதுக்கல்கள் இருந்த சுவர்ப்பகுதியும் அப்படித்தான் போயின. தியோடர் லூயிஸ் என்ற கள ஆய்வாளர் 1878இல் மிஞ்சியவற்றைப் பார்த்துப் படியெடுத்தார்; அவற்றில் பல பாம்பு உருவங்கள். அந்தப் படிகள் இன்று இருக்கின்றன, மூலம் இல்லை. சரிந்த மண்ணில் மூடிப்போன வாயிலை 1913இல் ஒருமுறை தோண்டித் திறந்தார்கள்; அது மீண்டும் மூடிக்கொண்டது. பாறை உச்சியில் 1890களில் பூங்கா அமைந்தபோது ஈமமேடுகள் பல சமன்செய்யப்பட்டன. ஆறு மேடுகள் மட்டும் தப்பின.

ஓடையின் நடுப்பகுதியில் இன்னொரு கதை ஓடியது. ஹாம் ஆலைக்குக் கீழே ஆழமான பள்ளத்தில் 1850களில் சுவீடனிலிருந்து வந்த ஏழைகள் குடிசை போட்டார்கள். அதனால் அந்த இடம் சுவீடன்காரர் பள்ளம், ஸ்வீட் ஹாலோ, என்று பெயர் பெற்றது. அவர்கள் கொஞ்சம் காசு சேர்த்து மேட்டுக்குக் குடிபெயர, இத்தாலியர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின் மெக்சிகோக்காரர்கள். கழிப்பறைகள் ஓடையின் மேலேயே கால்நட்டு நின்றன, குடிநீர் ஊற்றிலிருந்து வந்தது. நகரம் அங்கே குழாய்நீரோ சாக்கடையோ கொண்டுவரவே இல்லை. சுகாதாரக் கேடு என்று 1956 டிசம்பரில் எஞ்சிய குடும்பங்களை வெளியேற்றி நகரமே வீடுகளுக்குத் தீவைத்தது. நூறு ஆண்டுகள் அடிப்படை வசதி மறுத்துவிட்டு, வசதி இல்லை என்பதையே காரணமாகக் காட்டி எரித்தது நியாயம் அல்ல. ஓடை அதற்கு முன்பே படிப்படியாகக் குழாய்க்குள் போய்விட்டது. வெள்ளம், நாற்றம், நோய், கட்டுமானத்துக்கு இடம் என்று அக்காலத்து அமெரிக்க நகரங்கள் பலவும் சிற்றோடைகளைப் புதைக்கச் சொன்ன காரணங்களைத்தான் இங்கேயும் சொன்னார்கள்.

1970களில் குகைக்கு முன்னால் இருந்த ரயில் யார்டு கைவிடப்பட்டது. கேட்பாரற்ற அந்த நிலத்தில் இரவோடு இரவாகக் குப்பை கொட்டத் தொடங்கினார்கள். மண்ணில் எண்ணெயும் தொழிற்கழிவும் ஊறியிருந்தன. 1997இல் கிழக்குப் பகுதி மக்கள் சிலர் சேர்ந்து கீழ் ஃபேலன் ஓடைத் திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நோக்கம் எளியது: ஓடைப் பள்ளத்தாக்கைச் சுத்தம் செய்வது, ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே நடைபாதையும் பசுமையும் கொண்டுவருவது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் தேவாலயக் குழுக்களும் டயர்களையும் உடைந்த கான்கிரீட்டையும் பழைய அடுப்புகளையும் சுமந்து வெளியே போட்டார்கள். தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் புரூஸ் வென்டோ நிதிக்கு வழி செய்தார். அவர் அரசியலுக்கு வருமுன் பள்ளியில் அறிவியல் சொல்லித்தந்தவர்; 2000ஆம் ஆண்டில் ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பான புற்றுநோயில் இறந்தார். 2002இல் 27 ஏக்கர் யார்டு நிலம் பொதுச்சொத்தாக வாங்கப்பட்டு, மாசடைந்த மண் அகற்றப்பட்டு, 2005இல் புரூஸ் வென்டோ இயற்கைச் சரணாலயமாகத் திறக்கப்பட்டது.

இந்த முயற்சி ஒரு பூங்காவோடு நின்றிருக்கலாம். அப்படி நிற்காததற்குக் காரணம், தொடக்கத்திலிருந்தே டகோட்டா பெரியவர்களோடு பேசியதுதான். குகை இருக்கும் நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற கேள்விக்குச் சூழலியலாளர்களிடம் மட்டும் விடை இல்லை. எந்த இடத்தில் பாதை போடலாம், குகைக்குள் ஆட்களை விடலாமா, மேலே மேடுகள் இருக்கும் இடத்தில் உல்லாசப் பயணம் வந்து சாப்பாட்டுக் கூடை விரிக்கலாமா என்பவை அந்த மக்கள் முடிவுசெய்ய வேண்டியவை. மினசோட்டாவில் இன்று கூட்டாட்சி அரசு அங்கீகரித்த டகோட்டா சமூகங்கள் நான்கு: ஷாக்கப்பி, பிரெய்ரி ஐலண்ட், லோயர் சூ, அப்பர் சூ. நாடுகடத்தலுக்குப் பிறகு சிறுசிறு குழுக்களாகத் திரும்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். காலப்போக்கில் அமைப்பின் நிர்வாகமும் பணியாளர்களும் பெரும்பாலும் தொல்குடியினராகவே ஆனார்கள். 2023இல் அமைப்பு தன் பெயரை வக்கான் தீபி அவாங்யாங்காபி என்று மாற்றிக்கொண்டது. வக்கான் தீபியைக் காப்பவர்கள் என்று பொருள். அக்கம்பக்கத்தார் தொடங்கிய ஒரு துப்புரவு முயற்சி, நிலத்துக்கு உரியவர்களின் பொறுப்புக்கு வந்து சேர்ந்தது இந்த வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம். பூங்காவில் அறிவிப்புப் பலகை வைப்பதை மட்டும் மரியாதை என்று கொள்ளும் இடங்கள் அமெரிக்காவில் ஏராளம். இங்கே முடிவெடுக்கும் உரிமையே கைமாறியிருக்கிறது.

தன்னார்வலர்களின் அன்றாட வேலை பெரும்பாலும் பக்தார்ன் என்ற முட்புதரோடு. 19ஆம் நூற்றாண்டில் வேலிக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தச் செடி இன்று மினசோட்டாக் காடுகளை நெருக்கி நிற்கிறது. மற்ற மரங்கள் இலை உதிர்த்த பின்னும் இலையுதிர்காலத்தின் கடைசிவரை இது பச்சையாக நிற்கும். அதனால் அந்தப் பருவத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். சந்தேகம் இருந்தால் கிளையை வெட்டிப் பார்ப்பார்கள், உட்பட்டை ஆரஞ்சு நிறம் காட்டினால் பக்தார்ன். கன்றுகளை வேரோடு பிடுங்கலாம். பெரியதை அறுத்துவிட்டு அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லி தடவ வேண்டும், தவறினால் ஒரே பருவத்தில் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். பறவைகள் அதன் கனியைத் தின்று விதையைப் பரப்புவதால், பக்கத்து வீட்டு வேலியில் ஒரு செடி நின்றாலும் வேலை மறுபடி தொடங்கும். அகற்றிய இடத்தில் ஓக், புல்வெளிப் பூச்செடிகள், ஊற்றோரம் ஈரநிலப் புற்கள் என்று அந்த மண்ணுக்கு உரியவற்றை நடுகிறார்கள். இவற்றில் பல டகோட்டா மக்களுக்கு உணவும் மருந்தும் சடங்குப் பொருளும் ஆனவை. ஆகவே நடும் வேலையோடு செடியின் டகோட்டாப் பெயரும் பயனும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. சரணாலயத்து மரக்கிளைகளில் சிறு துணி முடிச்சுகள் கட்டியிருப்பதை வருபவர் காணலாம். அவை புகையிலை முடிந்த காணிக்கைகள். அவற்றை யாரும் தொடக்கூடாது, குப்பை பொறுக்கும் நாளிலும் அவற்றுக்கு விலக்கு உண்டு.

குகை வாயில் இரும்புக் கதவிட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஊற்று நீர் தேங்கிய குளம். டகோட்டா மக்கள் சடங்குக்கு இங்கே வருகிறார்கள். சரணாலயத்தின் நுழைவுப் பக்கம், முன்பு நார்த் ஸ்டார் என்ற மதுவடி ஆலை நின்ற இடத்தில், டகோட்டா வரலாற்றையும் பண்பாட்டையும் அவர்கள் குரலிலேயே சொல்வதற்கு வக்கான் தீபி மையம் எழுந்துள்ளது.

மிஞ்சியிருப்பது ஓடையை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் வேலை. குழாயைத் திறந்து, நீருக்கு மேற்பரப்பில் வளைந்து நெளிந்து ஓடும் புதிய வழி அமைத்து, கரையில் மண்ணுக்குரிய செடிகளை வளர்ப்பது இதன் முறை. குழாய்க்குள் மழைநீர் தெருவின் அழுக்கோடு நேரே ஆற்றுக்குப் பாய்ந்துவிடுகிறது. திறந்த ஓடையில் நீர் வேகம் குறைந்து, மண்ணில் ஊறி, அழுக்கின் ஒரு பகுதியைச் செடிகளிடம் விட்டுச் செல்கிறது. மீனுக்கும் தவளைக்கும் பறவைக்கும் வழி கிடைக்கிறது. இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஃபேலன் ஏரிக்கு அருகே ஏம்ஸ் ஏரி என்ற சதுப்பு நிலத்தை மூடி 1960ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கடை வளாகம் கட்டினார்கள், வணிகம் படுத்துப்போனது. 1990களில் அதை இடித்துத் தார்தளத்தைப் பெயர்த்தெடுத்துச் சதுப்பு நிலத்தை மீட்டார்கள்.

ஓடையின் பாதை முழுவதையும் ஒரே மூச்சில் திறக்க முடியாது. நீர்ப்பிடிப்பு நிர்வாகம், நகராட்சி, ரயில் நிறுவனங்கள், தனியார் நிலம் என்று பல கைகள் இதில் உள்ளன. ஆகவே ஏரியை ஒட்டிய மேல்பகுதியில், பொது நிலத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வருவது திட்டம். இப்பகுதியில் இன்று வாழ்பவர்களில் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் குடும்பங்கள் அதிகம். பாதை எங்கே, பாலம் எங்கே, எந்தச் செடிகள் என்ற பேச்சில் அவர்களும் இருக்கிறார்கள். மிகக் கடினமானது கடைசிப் பகுதி. சரணாலயத்துக்கும் மிசிசிப்பிக்கும் இடையே சரக்கு ரயில்கள் இன்றும் ஓடுகின்றன, ஓடையின் நீர் அவற்றுக்கு அடியில் குழாய் வழியாகவே ஆற்றில் சேர்கிறது.